கீழிலையா, குருத்தா?

ஜூன் 8

மிளகாய்ச் செடி மஞ்சளித்தால் உடனே உரப் பையைத் தேடும் பழக்கம் மாடித்தோட்டக்காரர்கள் பலரிடம் இருக்கிறது. அது செடிக்கு நல்லதென்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் பார்க்க வேண்டியது மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதை. தழைச்சத்தும் மெக்னீசியமும் செடிக்குள் நகரக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி அவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும். அதனால் கீழிலைதான் முதலில் வெளுக்கும். இலை முழுக்கச் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மெக்னீசியக் குறைவு. இரும்பு அப்படி எளிதில் நகராது. அது குறைந்தால் கீழிலை பச்சையாகவே இருக்க, குருத்திலை வெளுத்து, மெல்லிய நரம்புகளும் வலை பின்னியதுபோல் பச்சையாகத் தெரியும். பெரும்பாலும் இரும்பு மண்ணில் இல்லாமல் போவதில்லை, வேருக்கு எட்டாமல் போகிறது. சுண்ணாம்பு மிகுந்த போர் தண்ணீரையே ஊற்றிவந்தால் வளர்ப்புப் பையிலுள்ள மண்ணின் பிஎச் அளவு 7-ஐத் தாண்டி ஏறும். இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். அந்த நிலையில் யூரியா போட்டுப் பயனில்லை. மழைநீரும் கீலேட் வடிவ இரும்பும்தான் கைகொடுக்கும்.

ஜூன் 9

‘ஒரு கைப்பிடி உரம் என்ன கெடுத்துவிடும்?’ என்று கேட்பார்கள். வயலில் மழை கழுவிக்கொண்டு போகும். பையிலோ உரத்தின் உப்பு வேரைச் சுற்றியே தேங்கி வேர்நுனியைக் கருக்கும். இயற்கை உரத்துக்கும் இந்தக் கணக்கு உண்டு. அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டால் சாம்பல் சத்து மிகுந்து மெக்னீசியத்தை வேர் எடுக்கவிடாது. பிஎச்சும் ஏறி இரும்பையும் முடக்கும். மஞ்சளுக்கு மருந்தென்று போட்டதே இரண்டு வித மஞ்சளைக் கொண்டுவரும்.

இரண்டு மூன்று குறைகள் சேர்ந்து வந்தால் இலையைப் பார்த்து எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி நியாயமானது. இலை மட்டும் அப்போது போதாது, வேரிடம் போக வேண்டும். தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் போன வேர் எந்தச் சத்தையும் எடுக்காது. எல்லாக் குறையும் ஒன்றாக வந்ததுபோல் செடி நிற்கும். விரலை உள்ளே விட்டால் மண் சொதசொதவென்று ஈரமாக இருக்கும், இலையோ தொங்கியிருக்கும். ஓரத்து மண்ணைக் கிளறி ஒரு வேரை இழுத்துப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் பிழைப்பு உண்டு. பழுப்பேறி, தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தால் தண்ணீரை நிறுத்தி, பையின் அடித் துளைகளைத் திறந்துவிட வேண்டும்.

மஞ்சளோடு குருத்து சிறுத்துச் சுருண்டு, இலையைத் தட்டினால் வெள்ளை ஈ பறந்தால் அது பெரும்பாலும் இலைச்சுருட்டு வைரஸ். அதற்கு மருந்தில்லை, பக்கத்துச் செடிகளைக் காப்பாற்ற அதைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். காய் பிடிக்கும் சமயத்தில் அடியில் ஓரிரு இலை பழுத்து உதிர்ந்தால் அது மூப்பு. விட்டுவிடலாம்.