பக்கத்து ஊரில் தங்கினோம்

கல்கத்தாவைப் பார்க்கச் சென்றவர்கள் கல்கத்தாவில் ஓர் இரவும் தங்காமல் திரும்பினோம் என்று சொன்னால் கேட்பவர் நகைக்கக்கூடும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நாங்கள் அவ்வாறுதான் செய்தோம். அதற்கு முதற்காரணம் சிக்கனம், மறைத்துப் பயனில்லை. மத்திய அரசு எழுத்தர்களுக்குக் கிடைக்கும் விடுப்புப் பயணச் சலுகை ரயில் கட்டணத்தைத் தருமேயன்றி விடுதிக் கட்டணத்தைத் தருவதில்லை. நால்வர் ஐந்து இரவுகள் மாநகரில் தங்கும் செலவைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துக் கலங்கியிருந்த வேளையில், அலுவலகத்தில் அடுத்த மேசையில் அமரும் வங்காள நண்பர், "சந்தன்நகரில் எங்கள் பூர்வீக வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. கீழே என் பெரியம்மா மட்டும் இருக்கிறார். அங்கே தங்கிக்கொள்ளுங்கள். ஹவுராவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது" என்றார். மறுப்பதற்கு எங்களிடம் காரணம் ஏதுமில்லை.

நாங்கள் இருவர், எங்கள் மகள், எங்கள் தாயார். பயணமே தாயாருக்காகத்தான். 1971இல் புதுமணப் பெண்ணாகக் கல்கத்தா வந்து, லேக் மார்க்கெட் அருகே ஓர் ஒற்றையறை வீட்டில் எட்டு ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவர் அவர். பின்னர் தந்தையாரின் வேலை டில்லிக்கு மாறிற்று. நாற்பத்தைந்து ஆண்டுகளாக டில்லிதான். சில ஆண்டுகளுக்கு முன் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் அவருக்கு இருப்பது தெரியவந்தது. பார்வையின் ஓரங்களை முதலில் தின்று, மெல்ல மெல்ல நடுவை நோக்கி வரும் நோய் அது. போன பார்வை மீளாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காக்க முயலலாம், அவ்வளவே. எதையும் கேட்டறியாத தாயார் அப்போது ஒன்றே ஒன்றைக் கேட்டார்: "கண் இருக்கும்போதே அந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்."

சந்தன்நகர் எங்களுக்குப் புதிய ஊர். ஆயினும் தமிழர்க்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று. புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆண்ட இடம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நாம் காணும் கவர்னர் துய்ப்ளெக்ஸ், 1742இல் புதுச்சேரிக்கு வருவதற்கு முன் பத்தாண்டுக் காலம் இவ்வூரில்தான் அதிகாரம் செலுத்தினார். 1910ஆம் ஆண்டு ஆங்கில அரசின் கண்ணிலிருந்து மறைய வேண்டியிருந்த அரவிந்தர் முதலில் ஒளிந்திருந்ததும் இங்கேதான். இங்கிருந்து புறப்பட்டவர் அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாள் புதுவை வந்து சேர்ந்தார். அங்கே நம் பாரதியார் அவருக்கு முன்பே அடைக்கலம் புகுந்திருந்தார். 1949இல் நடந்த வாக்கெடுப்பில் இவ்வூர் மக்கள் இந்தியாவுடன் இணைவதென்று முடிவு செய்தனர். 1954இல் மேற்கு வங்கத்தின் பகுதியாயினர். ஹூக்ளி என்று வரைபடம் சொல்லும் ஆற்றை ஊரார் கங்கை என்றே அழைக்கின்றனர். அதன் கரையில் ஸ்ட்ராண்ட் என்னும் நிழற்சாலை. வரிசையாக மரங்கள், அமர்வதற்கு ஆசனங்கள், இறங்குவதற்குப் படித்துறை. புதுவைக் கடற்கரைச் சாலையை அறிந்தவர்கள் இங்கே ஒரு கணம் நின்று பார்ப்பார்கள்.

முதல் நாள் காலை எட்டரை மணிக்கே லோக்கல் ரயில் ஏறினோம். அது அலுவலகம் செல்வோர் நேரம் என்பது, நாமே அலுவலகம் செல்வோராயிருந்தும், எங்கள் சிந்தையில் தோன்றவில்லை. பத்ரேஸ்வர், ஸ்ரீராம்பூர், ரிஷ்ரா என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறிற்றேயன்றி இறங்கவில்லை. 'ஹிந்த் மோட்டார்' என்ற பெயர்ப் பலகையைக் கண்டு, நம் அதிகாரிகள் ஏறிச் சென்ற அம்பாசிடர் கார்கள் 2014 வரை இங்கேதான் உருவாயின என்று மகளுக்குச் சொல்ல வாயெடுத்தபோது, இரு பெட்டிகளுக்கிடையே தாயாரின் முகம் தெரிந்தது, வெளிறியிருந்தது. ஹவுராவில் இறங்கிக் கங்கைக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் அமர்ந்தோம். 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட பாதை அது. "கங்கை எங்கே?" என்று தாயார் கேட்டார். "நம் தலைக்கு மேலே, அம்மா" என்றோம். 1972இல் அடிக்கல் நாட்டிய முதல் மெட்ரோவுக்காகத் தெருக்களைத் தோண்டத் தொடங்கிய காலத்தில் இந்நகரில் வாழ்ந்தவர் அவர். ஒன்றும் சொல்லாமல் மேலே நிமிர்ந்து பார்த்தார்.

காளிகாட் நிலையத்தில் இறங்கி நடந்தோம். பழைய சந்தை இருந்த இடத்தில் பேரங்காடிக் கட்டடம் நின்றது. அதைக் கண்டதும் தாயாருக்குத் திசை தவறிவிட்டது. நாங்கள் அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டு, கைப்பேசியின் வரைபடத்தைப் பார்த்தும், எதிர்ப்பட்டோரிடம் இந்தியில் விசாரித்தும், இரண்டு மணி நேரம் சந்து சந்தாகச் சுற்றினோம். வீடு கிடைக்கவில்லை. "போதும், திரும்பலாம்" என்றார். மாலை ரயிலில் அவர் கண்களை மூடியே அமர்ந்திருந்தார். விடுதிக்காக மிச்சம் பிடித்த பணத்தைத் தாயாரின் உடம்பிலிருந்து வசூலித்துவிட்டோம் என்ற எண்ணம் அன்றிரவு எங்கள் இருவரையும் உறங்க விடவில்லை.

மறுநாள், "நீங்கள் போய் வாருங்கள். நான் கங்கைக் கரையில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று தாயார் சொல்லிவிட்டார். மனமில்லாமல் சென்று, விக்டோரியா நினைவகத்தையும் அருங்காட்சியகத்தையும் மகளுக்குக் காட்டிவிட்டுப் பொழுது சாயுமுன் திரும்பினோம். வீட்டில் தாயாரைக் காணோம். பதறியடித்து ஸ்ட்ராண்டுக்கு ஓடினோம்.

அங்கே ஓர் ஆசனத்தில், நண்பரின் பெரியம்மாவுக்கும் வேறு இரு மூதாட்டியருக்கும் நடுவில் அமர்ந்து, தாயார் பேசிக்கொண்டிருந்தார். வங்காளியில் பேசிக்கொண்டிருந்தார்! ஏதோ சொன்னார், மூவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தனர். ஒருத்தி மறுத்தாள், தாயார் கையை ஆட்டி அவளை மடக்கினார். மறுபடியும் சிரிப்பு. நாங்கள் சற்றுத் தொலைவில் நின்றுவிட்டோம்.

டில்லியில் எங்கள் தாயார் அதிகம் பேசாதவர். காய்கறிக்காரனிடம் நான்கு சொல், அண்டை வீட்டாரிடம் ஒரு புன்னகை. இந்தி அவர் நாவில் ஏறவில்லை. அது அவரது இயல்பு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்; விருந்தினரிடமும், "அம்மா அதிகம் பேச மாட்டார்கள்" என்றே சொல்லி வந்தோம். பத்தொன்பது வயதில் பக்கத்துக் குடித்தனப் பெண்களிடம் கற்ற மொழி ஒன்று அவருக்குள் நாற்பத்தைந்து ஆண்டுகளாகப் பேச்சின்றி இருந்ததை ஒரே வீட்டில் வாழ்ந்த நாங்கள் அறியவில்லை.

அதன்பின் திட்டத்தை அவரே வகுத்தார். நான்காம் நாள், கூட்டம் ஓய்ந்த பதினொரு மணி ரயிலில், பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் பொரிக் கலவை விற்றவனிடம் காரம் போதாதென்று வழக்காடி இன்னுமொரு பிடி வாங்கினார். லேக் மார்க்கெட் அருகில் நாங்கள் கைப்பேசியை எடுத்தபோது, "அதை உள்ளே வை" என்றார். பூ விற்கும் கிழவர் ஒருவர் முன் நின்று, மாடிப்படிக்கு அடியில் தையற்கடை இருந்த வீடு எது, அதற்கடுத்து ஹோமியோபதி வைத்தியர் இருந்த சந்து எது என்று விசாரித்தார். கிழவர் பூக்கூடையைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு எங்களுடன் நடந்தே வந்து காட்டினார். முதல் நாள் நாங்கள் இருமுறை கடந்து சென்ற சந்துதான் அது.

வீடு இல்லை. அவ்விடத்தில் புதிய அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியிருந்தது. நாங்கள் தாயாரின் முகத்தைப் பார்க்க அஞ்சினோம். அவரோ எதிர்வீட்டுப் பழந்திண்ணையை நோக்கி நடந்தார். கல்கத்தாவில் அதை 'ரோக்' என்பார்கள். குனிந்து அதன் விளிம்பைக் கையால் தடவினார். "இங்கேதான் சாயங்காலம் எல்லோரும் உட்காருவோம். உன் அப்பா வருவது சந்து முனையிலேயே தெரிந்துவிடும்" என்று சொல்லி அமர்ந்தார். பெரியம்மாவும் பக்கத்தில் அமர்ந்தார். கால் மணி நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு தாயார் எழுந்து, "பார்த்தாயிற்று" என்றார்.

நாங்கள் மாநகரிலேயே தங்கியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திராது, இதில் ஐயமில்லை. ஆனால் விடுதி அறையில் தாயார் தனியே யாருடன் பேசியிருப்பார்? அவர் கையைப் பற்றிக்கொண்டு, அவருக்காக நாங்களே பேசி, வீட்டைக் காணாமலே திரும்பியிருப்போம். சிக்கனத்தால் நேர்ந்த இந்நன்மைக்கு நாங்கள் பெருமை கொண்டாட முடியாது. அது எங்கள் கணக்கில் இல்லாத வரவு.

இப்போது ஞாயிறுதோறும் சந்தன்நகரிலிருந்து தொலைபேசி வருகிறது. அரை மணி நேரம் எங்கள் கூடத்தில் வங்காளி ஒலிக்கிறது. மகள் அருகில் அமர்ந்து சொல் பொறுக்குகிறாள். சொட்டு மருந்து தொடர்கிறது. கண்ணின் வட்டம் சற்றுச் சுருங்கியிருக்கிறது என்று சென்ற முறை மருத்துவர் சொன்னார்.

வேலை நிமித்தம் ஊர் ஊராக மாறிய குடும்பங்கள் நம்முடையவை. "அதிகம் பேச மாட்டார்கள்" என்று நாம் சொல்லும் பெரியவர் ஒருவர் நம்மிற் பலர் வீட்டில் இருக்கலாம். அவர் எந்த ஊரில், எந்த மொழியில் பேசிச் சிரித்தவர் என்பதைக் கேட்டறிய நாங்கள் ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது. வீட்டிலேயே கேட்டிருக்கலாம்.