பிணைப்பே வலிமை

சிமெண்ட் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசைக்கோ எளிதில் விரிசலுறும். அக்குறை நீங்கக் கரியிழைகளைக் கலப்பர். வலிய இழையைச் சேர்த்தால் வலிமை தானே வந்துவிடும் என்றே நாமும் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. ஏறத்தாழ 7 மைக்ரான் தடிப்புடைய அவ்விழையின் மேற்பரப்பு வழவழப்பானது, நீரை ஏற்காதது. ஆதலின் சிமெண்ட் அதனை நன்கு பற்றுவதில்லை; இழுத்தால் இழை அறாமலே உருவிக்கொண்டு வந்துவிடும்.

1990களில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் டெபோரா சங் குழுவினர் இழையை ஓசோன் வாயுவால் பதப்படுத்தினர். மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்தது, நீர் படிந்தது, சிமெண்ட் இறுகப் பற்றியது. உடன் கலந்த நுண்சிலிக்கா, இழைகள் திரளாமல் பரவத் துணைநின்றது.

இறைநம்பிக்கையாளரைக் கட்டடத்திற்கு ஒப்பிட்ட நபிமொழியைப் பலகால் கேட்டிருக்கிறோம். அதில் கல்லின் உறுதியையே கண்டிருந்தோம்; இன்று பிணைப்பைக் காண்கிறோம். கற்றோர் பலரிருந்தும் சமுதாயம் விரிசலுறுவதேன்? பிறர் பற்ற இடந்தராத வழவழப்பு நம்மிடம் இருப்பதனாலன்றோ!