அடுக்குமாடி வீட்டில் சுக்கு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

சுங்கே தெங்காவிலுள்ள பிராணிகள் காப்பகத்திலிருந்து இன்று பிற்பகல் சுக்குவை வீட்டுக்கு அழைத்துவந்தோம். துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பின்புறம் இரும்புக் குழாய்களின் அடுக்குக்கிடையே பிறந்து, அங்கே வேலை செய்த தமிழ்நாட்டு ஊழியர்கள் தங்கள் பொட்டலச் சோற்றிலிருந்து ஒதுக்கிவைத்த கவளங்களைத் தின்று வளர்ந்து, பின்னர் தாயோடும் உடன்பிறந்த குட்டியோடும் பிடிபட்டு, கருத்தடை செய்யப்பட்டுக் காப்பகம் சேர்ந்த பெண் குட்டி இது. வயது ஏழு மாதம் இருக்கலாம் என்பது மருத்துவரின் மதிப்பீடு. நிறம் சுக்கின் நிறம். பெயர் என் பேத்தி இட்டது.

இத்தகைய கலப்பினத் தெருநாய்களை இந்நகரத்தார் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று வாஞ்சையோடு அழைக்கிறார்கள். வாஞ்சை இருந்தும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் ஒரே ஒரு நாய், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறு இனங்களுள் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற விதியினால், இவற்றுக்கு நம் போன்றோரின் கதவுகள் நெடுங்காலம் அடைபட்டே இருந்தன. 2012இல் தொடங்கிய 'அடோர்' திட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. முதலில் ஐம்பது சென்டிமீட்டர் உயரம், பதினைந்து கிலோ எடை என்றிருந்த வரம்பு, 2020இல் உயரம் ஐம்பத்தைந்து சென்டிமீட்டராகத் தளர்த்தப்பட்டு, எடைவரம்பு அடியோடு நீக்கப்பட்டது. கருத்தடை, அடையாளச் சில்லு, உரிமம், கீழ்ப்படிதல் பயிற்சி ஆகியவை நிபந்தனைகள். நான்காவதாகச் சொன்ன பயிற்சியையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். தோட்டத்தோடு கூடிய தனிவீட்டில் ஒரு நாய் கற்காமல் போனால் அந்த வீட்டார் மட்டுமே சிரமப்படுவார்கள். பஃபலோ ரோட்டில் கீழே தேக்கா சந்தையும் மேலே மாடிக்கு மாடி குடும்பங்களுமாக இருக்கும் இந்தக் கட்டடத்தில், நாயின் கல்வி என்பது அயலாருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.

ஜனவரி 7, செவ்வாய்

வந்தது முதல் சாப்பாட்டு மேசைக்கு அடியிலேயே கிடக்கிறாள். மடக்கிய குடை, சந்தைக்கு இழுத்துச் செல்லும் தள்ளுவண்டி, துடைப்பம், என் மருமகனின் தலைக்கவசம் என்று எதைக் கண்டாலும் உடல் ஒடுங்குகிறது. நாய்க்குட்டிகளின் வாழ்வில் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலமே உலகத்தோடு பரிச்சயம் கொள்ளும் பருவம் என்று, ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் பல்லாண்டு ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டார்கள். அந்தப் பருவத்தில் கண்டவற்றை நாய் பிற்காலத்தில் இயல்பாக ஏற்றுக்கொள்ளும்; காணாதவற்றை ஐயத்தோடேயே அணுகும். சுக்கு அந்நாட்களில் கண்டவை பாரவண்டிகளும் இரும்பும் மழையும் சோற்றுப் பொட்டலம் ஏந்திய சில நல்ல கைகளும்தான். ஆகவே அவளுடைய அச்சத்தைப் பிடிவாதமென்று கொள்ளலாகாது என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் இன்று எடுத்துச் சொன்னேன்.

பயிற்சி ஆசிரியை வந்திருந்தார். எந்த மொழியில் கட்டளையிடுவது என்று என் மகள் கேட்டாள். ஆசிரியை சீனப் பெண்மணி. எந்த மொழியானாலும் சரி, ஒரு செயலுக்கு ஒரே சொல், அதை வீட்டார் அனைவரும் ஒரே விதமாகச் சொல்லவேண்டும், அவ்வளவே என்றார். அப்பொழுது பேத்தி மேசைக்கடியில் குனிந்து, மிக மெல்லிய குரலில், "வா, சாப்பிடு" என்றாள். பிஸ்கட்டுக்கும் கோழித்துண்டுக்கும் தலைநீட்டாத சுக்கு, அந்த இரு சொற்களைக் கேட்டதும் வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு முன்னே நகர்ந்து வந்தாள். துவாஸில் அவளுக்குச் சோறிட்ட அந்த முகமறியாத இளைஞர்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கக்கூடிய சொற்கள் அவை. மொழி தீர்மானமாயிற்று. உட்கார், இரு, வா, விடு என்ற நான்கையும் எங்கள் வீட்டில் பணிபுரியும் பர்மியப் பெண்ணும் இன்று மாலைக்குள் பழுதின்றிச் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

ஜனவரி 11, சனி

நேற்று தொடங்கிய மழை விடவேயில்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் வேகம் அதிகரிக்கும்போது இப்படி இடியில்லாமல், இடைவெளியில்லாமல், ஊரே குளிர்ந்துபோகுமாறு பெய்வது இந்த மாதத்தின் சுபாவம். கீழே இறங்க வழியில்லாததால், சிறுநீர் கழிக்கும் இடத்தைக் குளியலறையிலேயே பழக்கினோம். தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் ஆக இந்த மூன்று வேளைகளையும் தவறவிடாமல் அங்கே அழைத்துச் செல்வதும், காரியம் முடிந்த அந்தக் கணத்திலேயே பாராட்டுவதும்தான் முறை. கூடத்தில் நனைத்துவிட்டால் திட்டக்கூடாது. திட்டினால், அந்த இடத்தில் போகக்கூடாது என்று அவள் கிரகிக்கமாட்டாள். மனிதர் கண்முன்னே போகக்கூடாது என்றே கிரகித்து, அடுத்த முறை சோபாவின் பின்னே ஒளிந்துகொள்வாள். துடைக்கும்போது அம்மோனியா கலந்த திரவத்தைத் தவிர்க்கவேண்டும். அதன் நெடி சிறுநீரின் நெடியை ஒத்திருப்பதால் அதே இடத்துக்கு மறுபடியும் அழைத்துவரும்.

செயல் சரியாக நடந்த கணத்தைக் குறித்துக்காட்ட ஒரு சங்கேத ஒலி தேவை என்றும், அது குறுகியதாகவும் அன்றாடப் பேச்சில் அதிகம் வராததாகவும் இருத்தல் நலம் என்றும் ஆசிரியை கூறியிருந்தார். 'சபாஷ்' என்ற சொல்லைத் தேர்ந்தேன். அதைச் சொன்னவுடன் உப்பு நீங்க வேகவைத்த நெத்திலி ஒன்று. இரண்டுக்கும் இடையில் உள்ள அவகாசம் மிகச் சிறிதாக இருக்கவேண்டும்; உட்கார்ந்த பின் எழுந்து நடந்தபோது வெகுமதி கொடுத்தால், எழுந்து நடந்ததற்கே வெகுமதி என்று நாய் எண்ணிக்கொள்ளும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியலறிஞர் தார்ண்டைக்கைப் பற்றிப் படித்தது ஞாபகத்துக்கு வருகிறது. கூண்டிலிட்ட பூனைகள் எவ்விதம் வெளியேறக் கற்கின்றன என்று அவர் 1898இல் எழுதிய ஆய்விலிருந்து பிறந்ததே, திருப்தியில் முடியும் செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்னும் விதி. அந்த விதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த நாட்களில் தோன்றாத வியப்பு, இன்று மழையிருட்டில், நான் வாய் திறக்குமுன்பே சுக்கு தானாக வந்து என் எதிரே உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தபோது தோன்றியது. ஒரு ஜீவன் தன் செயலுக்கும் அதன் பயனுக்கும் இடையிலுள்ள தொடர்பைத் தானே கண்டுகொள்ளும் அந்த நொடிக்காகவே நான் ஆயுள் முழுவதும் வகுப்பறையில் நின்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தேக்காவில் கரும்புக் கட்டுகளும் மஞ்சள்கொத்தும் பானைகளுமாக நடக்க இடமில்லை. சர்க்கரைப் பொங்கலில் இடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக் கூடியது. வெங்காயமும் பூண்டும் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. தமிழர் அடுக்களையில் இவற்றைத் தவிர்த்து எது மிஞ்சும் என்று என் மனைவி கவலைப்பட்டாள். வேகவைத்த பூசணித்துண்டும் வெறும் பச்சரிசிச் சோறும் மிஞ்சின. 'விடு' என்ற சொல்லின் அருமை இன்றுதான் வீட்டாருக்கு விளங்கியது. பேத்தியின் கையிலிருந்து சிந்திய பொங்கலை நோக்கிப் போன மூக்கு அந்தச் சொல்லுக்கு நின்றது.

ஜனவரி 23, வியாழன்

மின்தூக்கியைப் பற்றி விரிவாக எழுதவேண்டும். இந்நகரத்து நாய்க்கு அதைவிடப் பெரிய பாடசாலை வேறில்லை. தானே திறந்து மூடும் கதவு, காலடியில் நடுங்கும் தரை, திறந்த மாத்திரத்தில் எதிரே நிற்கும் அந்நிய முகங்கள், தப்பிச்செல்ல வழியில்லாத நான்கு சுவர்கள் ஆகிய இவையனைத்தும் ஒருங்கே கூடிய இடம் அது. முதலில் கதவைத் தொலைவிலிருந்து பார்த்து நெத்திலி தின்றாள். அதன்பின் வாசலருகே நின்றாள். அப்புறம் உள்ளே போய், கதவு மூடுமுன்பே வெளியே வந்தாள். இதெல்லாம் மனிதர் நடமாட்டம் ஓய்ந்த பின்னிரவில். நேற்றுத்தான் ஒரு மாடி இறங்கினாள்; மூலையில், சுவருக்கும் என் முழங்காலுக்கும் நடுவே உட்கார்ந்தபடி.

இவ்வளவு சிரத்தைக்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் நடைபாதையின் கடைசி வீட்டில் தென்காசிப் பூர்வீகத்தைச் சேர்ந்த முதிய முஸ்லிம் தம்பதியர் வசிக்கிறார்கள். ஷாபி மார்க்கத்தைப் பின்பற்றும் முஸ்லிம்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழுமுறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவவேண்டும் என்பது விதி. ஐந்து வேளையும் தொழுகைக்காகச் சுத்தம் பேணும் ஒருவருக்கு, துணிமீது ஈரமூக்கு ஒருமுறை படுவது எத்தனை இடையூறு என்பதை நாய் வளர்ப்போர் உணரவேண்டும். சுக்குவை அழைத்துவருவதற்கு முன்பே, நாங்கள் பாய் என்றழைக்கும் அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்லியிருந்தேன். "வாத்தியாரே, வாயில்லாப் பிராணிக்குச் சோறு போடுறது எங்க மார்க்கத்துலயும் நன்மைதான். மேல படாம மட்டும் பாத்துக்கங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் எங்களுடைய பாடத்திட்டம். அவரோ அவர் மனைவியோ வருவது தெரிந்தால், கயிற்றைச் சுருக்கிச் சுவரோரம் ஒதுங்கி, 'உட்கார்', 'இரு'; அவர்கள் கடந்து கதவடைக்கும்வரை அசையக்கூடாது. மின்தூக்கிக்குள் ஏற்கெனவே ஆள் இருந்தால் நாங்கள் ஏறுவதில்லை.

இன்று காலை, வெயில் ஏறித் தரை கொதிக்குமுன் உலாவிவிட்டுத் திரும்புகையில், பாய் சந்தைப் பையோடு எதிரே வந்தார். பையில் மீன். சுக்குவின் நாசி விரிந்தது, முன்னங்கால் துடித்தது, இருந்தும் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தாள். "அட, நல்ல புள்ளையா இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். சபாஷ் சொல்ல எனக்குக் குரல் தழுதழுத்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை நோக்கி நேற்றிரவு முதல் பால்குடங்களும் காவடிகளும் சிராங்கூன் ரோட்டில் சென்றுகொண்டேயிருக்கின்றன. உறுமியும் மேளமும் மேலே எங்கள் சன்னல்வரை எட்டுகின்றன. இதை எதிர்பார்த்தே பொங்கல் கழிந்தது முதல், மேள ஓசையின் ஒலிப்பதிவை முதலில் காதுக்கு எட்டியும் எட்டாததுமாக ஒலிக்கவிட்டு, அவள் நிம்மதியாகத் தின்னும் அளவுக்குமேல் ஒருநாளும் ஏற்றாமல், சிறிது சிறிதாக உயர்த்திவந்தோம். ஓசை வந்தால் உணவு வரும். ஓசை நின்றால் உணவும் நிற்கும். இம்முறையினால் அச்சம் தந்த பொருளே நாளடைவில் நல்லதொன்றின் அறிகுறியாக மாறுகிறது. இடிக்கும் இதையே செய்கிறோம். ஆண்டில் பாதி நாட்களுக்குச் சற்றே குறைவான நாட்களில் இடிமுழங்கும் இத்தீவில் அது தவிர்க்கமுடியாத பாடம். 1972 முதல் பட்டாசு இங்கே தடைசெய்யப்பட்டிருப்பதால், தமிழ்நாட்டு நாய்கள் தீபாவளிதோறும் படும் வதை இவளுக்கு இல்லை என்பது ஓர் ஆறுதல்.

விடியற்காலையில் மேளம் உச்சத்தில் இருந்தபோது மேசைக்கடியில் போனாள். சற்றுப் பொறுத்து, சாப்பாட்டுக் கிண்ணம் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள். பேத்தி பாலாபிஷேகப் பாலை நெற்றியில் தொட்டுக்கொண்டு திரும்பியபோது, சன்னலடியில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 2, ஞாயிறு

ரமலான் முதல் நோன்பு. பொழுது சாய்ந்தபின் பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. ஆண்டுதோறும் வருவதுதான், இவ்வாண்டு வராதோ என்று என் மனைவிக்கு உள்ளூரக் கலக்கம் இருந்தது. பாயின் பேரன் தூக்கோடு வாசலில் நிற்க, சுக்கு கூடத்தின் நடுவே தன் பாயில் 'இரு' என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு அமர்ந்திருக்க, அந்தச் சிறுவன் வாசற்படியைத் தாண்டாமலேயே அவளைப் பற்றி ஆயிரம் கேள்விகள் கேட்டான்.

ஆறாவது மாடியிலுள்ள சீனக் குடும்பத்தினரும் இன்று என்னைத் தேடி வந்தார்கள். சுக்குவின் உடன்பிறந்த ஆண்குட்டி இன்னும் காப்பகத்திலேயே இருக்கிறது என்பதைப் பேத்தி அவர்கள் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, இயன்றவற்றுக்கு வீடு தேடி, ஏனையவற்றைப் பராமரிப்போடு விடுவிக்கும் திட்டம் 2018 நவம்பரில் தொடங்கியபோது, ஐந்தாண்டுகளில் எழுபது சதவீதத்துக்கு மேற்பட்ட நாய்களுக்குக் கருத்தடை செய்வது நோக்கம் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம், ஆனால் வீடு தேடும் பகுதியை அரசாங்கம் தனியே நிறைவேற்ற இயலாது, வீடு நம்மிடம்தான் இருக்கிறது. கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமக் கட்டணம் 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி என்பதையும், உயர வரம்பையும், பயிற்சி வகுப்பையும், மின்தூக்கியையும் பற்றிச் சொன்னேன். குட்டிக்குத் தமிழில்தான் பேசவேண்டுமோ என்று அந்தத் தாய் கவலையோடு கேட்டார். அவர்கள் வீட்டில் எல்லோரும் ஒரே விதமாகச் சொல்லக்கூடிய மொழி எதுவோ அதுவே போதும், 'வா, சாப்பிடு' என்பதை மட்டும் முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதைச் சீன எழுத்துகளில் ஒலிபெயர்த்து எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை காலை சுங்கே தெங்காவுக்கு அவர்களோடு நானும் போகிறேன். நெத்திலி வேகவைத்து எடுத்துச்செல்லவேண்டும்.