காத்திருப்புக் கூடத்தில் ஒரு வெற்றுத்தாள்

அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில், பொட்டோமாக் ஆற்றை நோக்கிய மேட்டில் அமைந்துள்ளது ஜார்ஜ்டவுண். செங்கல் பாவிய நடைபாதைகளைக் கடந்து பல்கலைக்கழக வாயிலுள் நுழைந்ததும், ஆயர் ஜான் கரோலின் அமர்ந்த சிலை நம்மை எதிர்கொண்டது. 1789-இல் அவர் நிறுவிய இக்கல்வி நிலையம் சேசு சபைத் துறவியரின் அரவணைப்பில் வளர்ந்தது. உள்ளே திரு இருதய ஆலயம் உள்ளது. பச்சிளம் மகனை இழந்த பெற்றோர் அவன் நினைவாக எழுப்பிய கோவில் அது. அவர்தம் துயரம் ஆலயமாய் உருப்பெற்றது.

துயரம் எழுத்தாய் உருப்பெற்ற இடமும் இங்கேயே உண்டு. அது லொம்பார்டி புற்றுநோய் மையம். நாள்தோறும் திருப்பலி காணும் வழக்கமுடையவரும், 1970-இல் இங்கு புற்றுநோயால் இறந்தவருமான அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் பெயரைத் தாங்கியது.

எழுத்தின் ஆற்றலை ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் அறிஞர் முன்னரே ஆராய்ந்திருந்தார். 1986-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள்கள் தம் உள்ளக் காயங்களை எழுதினர். அவ்வழியில், நான்சி மார்கனும் அவர்தம் குழுவினரும் லொம்பார்டி மையத்தின் இரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் காத்திருந்தோரிடம் தாள் தந்து, இந்நோய் தம்மை எவ்வாறு மாற்றியது, அம்மாற்றம் பற்றித் தாம் உணர்வதென்ன என 20 நிமிடம் எழுதச் சொன்னார்கள். 2008-இல் முடிவுகள் வெளிவந்தன. ஏறத்தாழப் பாதிப்பேர், தம் நோயைப் பற்றிய எண்ணமே எழுதியபின் மாறியதாகக் கூறினர். குடும்பம், இறைப்பற்று, தொழில், எதிர்காலம் ஆகியவை அத்தாள்களில் இடம்பெற்றிருந்தன. இரத்தப் பரிசோதனை காட்டாத செய்திகள் இவை!

எழுத்து கட்டியைக் கரைக்காது. மருந்துக்கு மாற்றும் ஆகாது. ஆயினும், பிறர் தம்மைப் பரிசோதிப்பதற்காகவே காத்திருக்கும் ஒருவர், அச்சிறு பொழுதில் தம்மைத் தாமே நோக்குகின்றார். துன்புற்ற யோபுவும் தம் சொற்கள் ஏட்டில் பொறிக்கப்பட வேண்டுமென ஏங்கியதைத் திருமறை உரைக்கின்றது அன்றோ?

நம் இல்லங்களில் நிலை என்ன? நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்கின்றோம்; அவரோ, நாம் கலங்குவோமென்று தம் அச்சத்தை நம்மிடம் மறைக்கின்றார். ஒரே கூரையின்கீழ் இரு மௌனங்கள்! பழங்களோடு ஒரு குறிப்பேட்டையும் அவர் கட்டிலருகே வைப்போம். கை நடுங்கினால், அவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும். அவர் விரும்பினாலன்றி அதனை நாம் படிக்கவேண்டா. படிக்கத் தந்தாலோ, அறிவுரை கூறாமல் அருகில் அமர்ந்திருப்போம். நோயுற்றோரைச் சந்தித்தல் என்னும் இரக்கச்செயல் அப்போதே நிறைவுறும்.