கேட்டுட்டு வாங்குங்க பாஸ்!

‘பெர்லின் போனியே, சுவரைப் பார்த்தியா?’னுதான் எல்லாரும் கேட்கறாங்க. பார்த்தேன். ஆனா, ப்ராஜெக்டுக்காக அங்கே இருந்த ரெண்டு மாசத்துல நான் அதிக நேரம் நின்னது ஒரு ரிக்கார்டு கடையிலதான். பேரு ‘ஹார்ட் வாக்ஸ்’. டெக்னோ, ஹவுஸ் இசைத்தட்டுகளுக்கு உலகம் முழுக்கப் பேர் போன கடை!

‘டெக்னோன்னா டம் டம்னு ஒரே அடிதானே?’னு சிரிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க. இந்த இசை வளர்ந்த கதையில கடைகளுக்கும் பெரிய பங்கு இருக்கு.

முதல்ல ஹவுஸ். 1977-ல சிகாகோவுல ‘வேர்ஹவுஸ்’னு ஒரு கிளப். டிஜே, ஃப்ராங்கி நக்கிள்ஸ். ராத்திரி அவர் போட்ட பாட்டைத் தேடி பசங்க ரிக்கார்டு கடைக்குப் படையெடுப்பாங்க. ‘இம்போர்ட்ஸ் எட்செட்ரா’ங்கற கடையில அந்தத் தட்டுகளைத் தனியா அடுக்கி, ‘வேர்ஹவுஸில் போட்டவை’னு சீட்டு ஒட்டினாங்களாம். அந்த வார்த்தை சுருங்கித்தான் ‘ஹவுஸ்’ ஆச்சுனு சொல்றாங்க.

டெக்னோ, கார் ஃபேக்டரிகளின் ஊரான டெட்ராய்ட்டோட பிள்ளை. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன்... ஒரே ஸ்கூல்ல படிச்ச மூணு கறுப்பின இளைஞர்கள். 1980-கள்ல டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் வெச்சு இதை உருவாக்கினாங்க.

அது எப்படி பெர்லினுக்கு வந்துச்சு? 1989 நவம்பர்ல சுவர் விழுந்துச்சு. அதே வருஷக் கடைசியில மார்க் எர்னஸ்டுஸ், க்ராய்ட்ஸ்பெர்க் ஏரியாவுல ஹார்ட் வாக்ஸைத் திறந்தார். டெட்ராய்ட், சிகாகோ தட்டுகளை இறக்குமதி பண்ணினார். 1991-ல, பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒண்ணோட பெட்டக அறையில ‘ட்ரெஸார்’ கிளப் ஆரம்பமாச்சு. ஒரு பக்கம் கடை, இன்னொரு பக்கம் கிளப். டெட்ராய்ட் பசங்க இசைக்கு பெர்லின் ரெண்டாவது வீடாயிடுச்சு!

இப்போ ரெண்டுமே கோபெனிக்கர் தெருவுல, பழைய அனல்மின் நிலைய வளாகத்துலதான் இருக்கு. யூ-8 மெட்ரோவுல ஹைன்ரிஷ் ஹைனே ஸ்டேஷன்ல இறங்கி நடக்கலாம்.

உள்ளே போனா கலர் கலர் அட்டையை எதிர்பார்க்காதீங்க. பல தட்டுகளுக்கு வெறும் வெள்ளை உறை, இல்லேன்னா கறுப்பு உறை. சிலதுல பேர்கூட இருக்காது. நடுவுல ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்ளோதான். ஆக, காதை நம்பறதைத் தவிர வேற வழியில்லை. அஞ்சாறு தட்டை எடுத்து, ஹெட்போன் மாட்டி, ஊசியை ஆரம்பத்துல, நடுவுல, கடைசியிலனு வெச்சுக் கேட்டுப் பார்க்கணும். பிடிக்கலையா? எடுத்த இடத்துலயே வெச்சுடலாம். கடைக்காரங்களும் சும்மா பில் போடறவங்க இல்லை. எலக்ட்ரிக் இண்டிகோ, மார்செல் டெட்மன்னு பிரபல டிஜேக்களே இந்தக் கடையில வேலை பார்த்தவங்கதான்.

இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? 12 அங்குலத் தட்டுல ஒரு பக்கத்துக்கு ஏன் ஒண்ணு, ரெண்டு பாட்டுதான்? கனமான பேஸ் சத்தத்துக்கு பள்ளம் அகலமா வளையணும். இடம் தாராளமா இருந்தா, பள்ளங்களைத் தள்ளித் தள்ளி வெட்டலாம். சத்தம் கூடும், அடிவயிறு வரைக்கும் இறங்கும். பாட்டு ஆரம்பத்துல ஒரு நிமிஷம் வெறும் டிரம் ஓடுதே, அது ஏன்? அந்த நேரத்துலதான் டிஜே வேகத்தைக் கூட்டிக் குறைச்சு, முந்தின பாட்டோட தாளத்தைப் பொருத்துவார். கையாலேயே!

சின்ன லேபிள்கள் 300, 500 காப்பிதான் அடிப்பாங்க. தீர்ந்தா தீர்ந்ததுதான். மறுபடி அச்சாகும்கறதுக்கு கியாரன்ட்டி கிடையாது. நெட்ல ஆயிரக்கணக்கான தடவை ஓடினாத்தான், ஒரு தட்டு வித்த காசு அந்தக் கலைஞனுக்குக் கிடைக்கும். 2024 மார்ச்சுல பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன்னோட பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. அதே வருஷக் கடைசியில, 22 வருஷமா ஓடின ‘வாட்டர்கேட்’ கிளப் மூடிடுச்சு. எகிறின வாடகையும் ஒரு காரணம். பட்டியல்ல பேர் இருந்தா மட்டும் வாடகை கட்ட முடியாதே!

நம்ம நாட்டுக்கும் இதுல பங்கு உண்டு. 1982-ல மும்பையில சரண்ஜித் சிங், ராகங்களை ரோலண்ட் 303, 808 மெஷின்கள்ல வாசிச்சு ஒரு தட்டு போட்டார். யாரும் கண்டுக்கலை. 2002-ல டெல்லி கடை ஒண்ணுல ஒரு டச்சு சேகரிப்பாளர் கையில அது சிக்குச்சு. 2010-ல மறுபதிப்பு வந்ததும், ‘ஆசிட் ஹவுஸ் சத்தம் அப்பவே இந்தியாவுலயா!’னு உலகமே வாயைப் பிளந்துச்சு. அந்த ஒரு தட்டை ஏதோ ஒரு கடை தூக்கிப் போடாம வெச்சிருந்ததாலதான் இதெல்லாம் நடந்துச்சு. 2015-ல இறந்துபோன சரண்ஜித், அந்தக் கைதட்டலை உயிரோட இருக்கும்போதே கேட்டுட்டார்.

கடைசி வாரம், ஸ்டைபண்டுல மிச்சம் பிடிச்சு நானும் ஒரே ஒரு தட்டு வாங்கினேன். 13 யூரோ, நம்ம காசுக்கு ஆயிரத்துக்கு மேல. “டேய், உன் வீட்ல பிளேயரே இல்லையேடா!”னு சிரிச்சான் கோயமுத்தூர் ரூம்மேட்.

பிளேயரை எப்போ வேணா வாங்கிக்கலாம் மச்சி. இந்தத் தட்டு அடுத்த வாரம் இருக்காது!