அசலின் விலை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் டேவன்போர்ட். ஆற்றின் நடுவிலுள்ள தீவில் 1862இல் நிறுவப்பட்ட ராக் ஐலண்ட் ஆர்சனல் என்னும் அரசுப் படைக்கலச் சாலை இன்றும் இருக்கிறது. அந்தத் தீவைப் பார்த்து வளர்ந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர், நாற்பத்தெட்டாம் வயதில், ஓராண்டுக் காலம் ஒரு காகித உறையில் பணம் சேர்த்தார். உறையின் மேல் ஓர் எண்ணை மட்டும் எழுதியிருந்தார்: 1911.

அது ஆண்டைக் குறிக்கும் எண். ஒரு கைத்துப்பாக்கியின் பெயரும் அதுவே. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911 மார்ச் 29 அன்று அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட அத்துப்பாக்கி 1985 வரை படையின் பொதுக் கைத்துப்பாக்கியாக இருந்தது. ஐந்து அங்குலக் குழல், ஏழு தோட்டாக்கள் கொள்ளும் மேகசின், ஏறத்தாழ 1.1 கிலோ எடை. அதன் தோட்டாவுக்கு .45 ஏசிபி என்று பெயர். அப்பெயரிலுள்ள முதல் எழுத்து ‘ஆட்டோமேட்டிக்’ என்பதன் சுருக்கம். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் வெளியேறும். ஆகவே இன்றைய வழக்கில் அது ‘செமி ஆட்டோமேட்டிக்’. அன்று ‘ஆட்டோமேட்டிக்’ என்றால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது என்பதே பொருள். சொல்லின் பொருள் பிற்காலத்தில் நகர்ந்துவிட்டது. பெயர் மட்டும் பழைய பொருளைச் சுமந்து நிற்கிறது.

ஆசிரியரின் தாத்தா 1945 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் லிங்கயென் வளைகுடாவில் கரையிறங்கியவர். இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்ததால் இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருந்தார். புகைப்படம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதில் முகம் தெளிவில்லை. இடுப்பு வாரும் துப்பாக்கி உறையும் தெளிவாகத் தெரிகின்றன. தாத்தா இறந்தபின் பேரனுக்கு வந்தது அந்தப் படம் மட்டுமே. துப்பாக்கியைப் போர் முடிந்ததும் படையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உறையில் 500 டாலர் சேர்ந்ததும் ஆசிரியர் கடைகளை நாடினார். அவர் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, போர்க்காலத் துப்பாக்கியையே வாங்குவது. இரண்டாம் உலகப் போரில் கோல்ட் நிறுவனத்தால் மட்டும் தேவையை ஈடுகட்ட முடியவில்லை. தட்டச்சுப்பொறி செய்த ரெமிங்டன் ராண்டும், ரயில் சைகைக் கருவிகள் செய்த யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னலும் இவற்றைச் செய்தன. தையல் இயந்திரத்துக்குப் பெயர்பெற்ற சிங்கர் 500 மட்டும் செய்து கொடுத்தது. அவற்றில் ஒன்று இன்று விற்பனைக்கு வந்தால் ஒரு காரின் விலையைத் தாண்டும். எளிதில் கிடைக்கும் ரெமிங்டன் ராண்டுகூட ஆயிரம் டாலருக்கு வெகு மேலே. இரண்டாவது வழி, கோல்ட் நிறுவனம் இன்று செய்து விற்பது. அதுவும் ஆயிரத்தை நெருங்கும். மூன்றாவது, வெளிநாட்டில் செய்த படி. துருக்கியின் டிராப்சோனில் டிசாஸ் நிறுவனம் செய்வதும், பிலிப்பைன்ஸின் மரிகினாவில் ஆர்ம்ஸ்கோர் நிறுவனம் செய்வதும் 500 டாலருக்குள் அடங்கின.

மரிகினாவில் செய்த துப்பாக்கியைக் கையிலெடுத்த ஆசிரியருக்கு எரிச்சலே வந்தது. அதன் பக்கவாட்டில் ‘ராக் ஐலண்ட் ஆர்மரி’ என்று பொறித்திருந்தது. தம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் அரசுச் சாலைக்கும் அந்தப் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை அவர் அறிவார். இலினாயில் இருந்த சிறிய தனியார் நிறுவனம் ஒன்றின் பெயர் கைமாறி அந்நிறுவனத்திடம் போயிருந்தது. பெயரும் கடன், வடிவமும் கடன். போலி என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

அவ்வாண்டு பிலிப்பைன்ஸ் போர் குறித்து வகுப்பெடுக்க அவர் குறிப்புகளைத் திரட்டியபோது அந்தச் சொல் ஆட்டம் கண்டது. 1911இன் தோற்றுவாயே பிலிப்பைன்ஸ்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அத்தீவுகளைக் கைப்பற்ற வந்த அமெரிக்கப் படையை மோரோ மக்கள் எதிர்த்தார்கள். படையினரின் .38 சுழல்துப்பாக்கிகள் அவர்களைத் தடுத்து நிறுத்தப் போதவில்லை என்ற முறையீடு எழுந்தது. 1904இல் தாம்சன், லகார்ட் ஆகிய இரு அதிகாரிகள் கால்நடைகள் மீதும் மனித உடல்கள் மீதும் சோதனை நடத்தி, .45க்குக் குறைந்த தோட்டா ஆகாது என்று பரிந்துரைத்தார்கள். அந்த அளவுக்காகவே பிரவுனிங்கின் வடிவம் வளர்ந்தது. இறுதிச் சோதனையில் 6,000 தோட்டாக்களை ஒரு பழுதுமின்றிச் சுட்டுத் தேறியது. யாரை வீழ்த்த ஒரு கருவி வடிவமைக்கப்பட்டதோ அவர்கள் வாழும் நாட்டின் தொழிலாளர்களே இன்று அதைச் செய்து, மலிவு விலையில் அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். தாத்தா அதை இடுப்பில் கட்டி நடந்ததும் அந்த மண்ணில்தான்.

கோல்ட் அசல், மரிகினா போலி என்று இனி அவரால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. கடன்சொல் ஒன்று சில தலைமுறைகளில் வீட்டுச்சொல் ஆகிவிடுவது போல, அந்த வடிவம் அங்கே வேர்கொண்டுவிட்டது. ஆசிரியர் மீண்டும் கடைக்குப் போனார். இம்முறை பொறித்த பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்தார். ஸ்லைடு சட்டகத்தின் மேல் அதிகம் ஆடுகிறதா, குழலின் முனை அதன் வளையத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று நோக்கினார். காலியான துப்பாக்கியின் பிடியைக் கை முழுமையாக அழுத்தாதபோது விசை இயங்காமல் இருக்கிறதா என்றும் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தன.

பிறகு கணக்கு எழுதினார். துப்பாக்கியின் விலை ஒருமுறைதான். ஐம்பது தோட்டாக்கள் கொண்ட பெட்டி ஏறத்தாழ 25 டாலர் என்று வைத்தால், மாதம் இரண்டு பெட்டி சுட்டாலே ஆண்டுக்கு 600 டாலர். துப்பாக்கியின் விலையை அது முதலாண்டிலேயே தாண்டிவிடும். உதிரி மேகசின், மாற்று வில், பயிற்சிக்களக் கட்டணம் என்று பட்டியல் நீண்டது.

பட்டியலைப் படித்த மனைவி ஒன்றை மட்டும் கேட்டார்: இதை எங்கே வைப்பது?

வீட்டில் பதினாறு வயது மகன் இருந்தான். அந்த ஆண்டு அவன் பள்ளிக்குப் போன நாட்களைவிட அறைக்கதவைச் சாத்திக்கொண்ட நாட்களே அதிகம். வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் சென்றுவந்தான். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பதை ஆசிரியர் தம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். உரிமம் பெற்ற வணிகர் ஒவ்வொரு கைத்துப்பாக்கியோடும் பூட்டொன்றைச் சேர்த்துத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; எஃகுப் பெட்டிகளும் கிடைக்கின்றன. ஆனால் பூட்டு என்றால் எங்கோ ஒரு சாவி இருக்கும். அந்த வீட்டில் அவன் அறியாத இடம் ஏதும் இல்லை.

அன்றிரவு அவர் அந்தப் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தார். தாத்தா அதன்பின் நாற்பதாண்டுகள் வாழ்ந்தார். வீட்டில் ஒரு துப்பாக்கியும் வைத்துக்கொள்ளவில்லை. ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று சிறுவயதில் பேரன் கேட்டபோது, அது என்னுடையதல்ல என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலில் வருத்தம் இருந்ததாக ஆசிரியர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

ஊருக்கு வெளியே உள்ள பயிற்சிக்களத்தில் துப்பாக்கிகள் வாடகைக்குக் கிடைக்கும். அலமாரியில் மரிகினாவில் செய்த 1911 ஒன்றும் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆசிரியர் அங்கே போய், ஒரு பெட்டித் தோட்டா சுட்டு முடித்து, மேகசினைக் கழற்றி, அறை காலி என்று காட்டி, துப்பாக்கியை மேசைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறார். உறையின் மேல் இன்னும் 1911 என்றுதான் எழுதியிருக்கிறது. அதிலுள்ள பணம் மாதந்தோறும் கொஞ்சம் குறைகிறது. வாடகைக்குச் சிறிது, மகனின் ஆலோசகருக்குப் பெரும்பகுதி.