3,40,000 கி.மீ. ஓடின ஆல்ட்டோ

இந்தப் பக்கம் வந்து மூணு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். (வழக்கமான சாக்குதான், மன்னிச்சு விட்டுருங்க.)

இன்னிக்கு கார் பத்தி எழுதப் போறேன். "நீ எப்போ மெக்கானிக் ஆன?"ன்னு கேக்கப்படாது. படிச்சது இன்ஜினியரிங்தான், ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ். பானெட்டைத் திறக்கிற லீவர் எங்க இருக்குன்னு தெரியவே எனக்கு 25 வயசாச்சு. அது எப்படித் தெரிஞ்சுதுங்கிறது ஒரு சோகக் கதை, பின்னாடி வருது :-)

எங்க வீட்டு வண்டி ஒரு மாருதி ஆல்ட்டோ. 2009 ஜூன்ல வாங்கினது. அப்போ நான் ஏழாங்கிளாஸ். அப்பாவுக்குத் தூத்துக்குடியில பம்புசெட் உதிரிபாக வியாபாரம். வாரத்துல ஆறு நாள் லைன் போவார். ஒரு நாள் திருச்செந்தூர், ஒரு நாள் திருநெல்வேலி, ஒரு நாள் கோவில்பட்டின்னு முறை வச்சு. டிக்கி நிறைய ஃபுட்வால்வும் பேரிங்கும் இருக்கும். கடை கடையா ஆர்டர் எடுத்து, பழைய பாக்கி வசூல் பண்ணி, ராத்திரி வீட்டுக்கு வருவார். சராசரியா ஒரு நாளைக்கு 75 கி.மீ. வரும். 2024ல மீட்டர்ல 3,40,000 காட்டுச்சு. பூமியில இருந்து நிலாவுக்குச் சராசரி தூரம் 3,84,400 கி.மீ. ஆக, நிலாவுக்கு இன்னும் 44,000தான் பாக்கி.

இத்தனைக்கும் அது என்ன பெரிய இன்ஜினா? 796 சிசி, மூணே சிலிண்டர். 47 குதிரை சக்திக்கு மேல போகாது. ஏறுமுகத்துல ஏ.சி. போட்டா மூச்சு வாங்கும். 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரியில உற்பத்தி நின்ன மாருதி 800 இருக்கே, அதே 796 சிசி வம்சம்தான் இதுவும். அதுல ஒரு பெரிய சௌகரியம் உண்டு. எந்தக் கிராமத்துல வண்டி நின்னாலும் இந்த இன்ஜினைப் பிரிச்சுப் பாத்த ஒரு கை அங்க இருக்கும். பாகமும் கிடைக்கும், அதுவும் சல்லிசா. ஒரு வண்டி நீடிச்சு உழைக்கிறதுல பாதி அதோட இரும்புல இருக்குன்னா, மீதி இதுலதான் இருக்கு.

அப்பாகிட்ட ஒரு பழக்கம். வண்டிக்குன்னு தனியா டைரி. பெட்ரோல் போட்டது, ஆயில் மாத்தினது, பஞ்சர் ஒட்டினது எல்லாம் தேதி, கிலோமீட்டர், ரூபாயோட பால்பாயிண்ட் பேனாவுல எழுதி வச்சிருப்பார். 15 வருஷத்துல மூணு டைரி தீர்ந்துச்சு. லாக்டவுன்ல வேலை வெட்டி இல்லாம அதுவரைக்கும் இருந்ததை உக்காந்து எக்செல்ல ஏத்தினேன். அதுக்கப்புறம் ஊருக்குப் போறப்போ எல்லாம் மிச்சத்தை ஏத்திருவேன். மொத்தக் கணக்கு இது:

பெட்ரோல்: லிட்டருக்கு 18 கி.மீ. சராசரி. சுமார் 18,900 லிட்டர்.
இன்ஜின் ஆயில்: 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை, மொத்தம் 68 தடவை. சுமார் 200 லிட்டர்.
டயர்: 7 செட்.
கிளட்ச் பிளேட்: 3 தடவை.
டைமிங் பெல்ட்: 4 தடவை. ஒண்ணு கூட அறுந்ததில்ல. அறுகிறதுக்கு முன்னாடியே மாத்தினது.
வாட்டர் பம்ப் 2, ரேடியேட்டர் 1, பேட்டரி 5, சைலன்சர் 3.
இன்ஜினைப் பிரிச்சது: 1 தடவை. (அதான் அந்தச் சோகக் கதை.)

பெட்ரோலையும் இன்சூரன்ஸையும் விட்டுட்டு, டயர் உட்பட எல்லாச் செலவையும் கூட்டினா கி.மீ.க்கு 1 ரூபா 20 காசு. அவ்ளோதான்.

இதை ஏத்தும்போதுதான் ஒண்ணு உறைச்சுது. நாம எல்லாரும் பழைய கார் வாங்கும்போது "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?"ன்னு கேக்கறோம். டிராக்டரைப் பாருங்க, அதுல மணிக்கணக்கு மீட்டர் இருக்கும். ஜெனரேட்டர்லயும் அப்படித்தான். ஏன்னா இன்ஜினுக்குத் தூரம் தெரியாது. எத்தனை மணி நேரம் ஓடிச்சு, எத்தனை தடவை குளிர்ந்து கிடந்து ஸ்டார்ட் ஆச்சு, எவ்வளவு சூடாச்சு, இதுதான் அதுக்குத் தெரியும்.

அப்பா ஓட்டினது பெரும்பாலும் வெளியூர் ரோடு. மணிக்குச் சராசரி 45 கி.மீ.ன்னு வச்சா, 3,40,000 கி.மீ.க்கு சுமார் 7,500 மணி நேரம். இதே மணி நேரத்தை ஒருத்தர் சென்னை டிராஃபிக்ல, மணிக்கு 18 கி.மீ. சராசரியில ஓட்டியிருந்தா மீட்டர்ல 1,36,000தான் காட்டும். ரெண்டு இன்ஜினும் உழைச்ச நேரம் ஒண்ணுதான். ஆனா சந்தையில ரெண்டாவது வண்டிக்குத்தான் விலை ஜாஸ்தி! அதுலயும் சிட்டி வண்டிக்கு கிளட்ச் மிதி, பிரேக் மிதி எல்லாம் பல மடங்கு. பக்கத்துத் தெருவுக்குப் போயிட்டு வந்து நிறுத்தினா ஆயில் முழுசா சூடாகாது. உள்ள சேர்ற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாம ஆயில்லயே தங்கிரும். அதிகம் ஓடுற வண்டி சீக்கிரம் சாகும்னு நினைக்கிறோம், பல நேரம் கொஞ்சமா ஓடுற வண்டிதான் உள்ளுக்குள்ள கெட்டுப்போகுது.

நம்ப முடியலையா? அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல டெலிவரி ஓட்டுற ஒரு அம்மா 2013 மாடல் ஹூண்டாய் எலான்ட்ரா வச்சிருந்தாங்க. ஒரிஜினல் இன்ஜினோட அஞ்சே வருஷத்துல 10 லட்சம் மைல், அதாவது 16 லட்சம் கி.மீ. ஓட்டினாங்க. 2018ல கம்பெனியே சரிபார்த்து உறுதி பண்ணுச்சு. கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 880 கி.மீ. பக்கம். அந்த இன்ஜின் ஆறிக் கிடக்கவே நேரம் இருந்திருக்காது. ரப்பருக்கு வயசாகிறதுக்குள்ள தூரம் முடிஞ்சு போச்சு.

இப்போ சோகக் கதை.

2022ல வீடு மாத்துறதுக்குன்னு வண்டியை ஒரு மாசம் சென்னைக்கு எடுத்துட்டு வந்தேன். அப்பா சாவி குடுக்கும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தண்ணியைப் பாத்துருல." சரிப்பான்னு தலையாட்டினேன். பாக்கல.

மூணாவது வாரம், பெருங்குடியில இருந்து சோழிங்கநல்லூர் வர்ற வழி. டெம்பரேச்சர் முள்ளு பாதியைத் தாண்டி ஏறுது. பொட்டி தட்டுறவன் புத்தி எப்படி இருக்கும்? "இது வார்னிங்தானே, எரர் இல்லையே." கோடுல ஆயிரம் வார்னிங்கை அப்படித்தான தாண்டிப் போறோம். வீட்டுக்கு இன்னும் 4 கி.மீ.தான், போய்ப் பாத்துக்கலாம்னு ஓட்டினேன். 3 கி.மீ.ல சைலன்சர் வழியா வெள்ளையா புகை. அப்போதான் பானெட் லீவரைத் தேடினேன்.

ரேடியேட்டர் ஹோஸ்ல ஒரு சின்ன வெடிப்பு. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. அலுமினிய ஹெட் சூட்டுல வளைஞ்சு ஹெட் கேஸ்கட் போச்சு. ஹெட்டை லேத்துல குடுத்து ஃபேசிங் பண்ணி எல்லாம் சேர்த்து 14,000 ரூபா. 2,95,000 கி.மீ. வரைக்கும் யாரும் தொடாத இன்ஜினை நான் 3 கி.மீ.ல பிரிக்க வச்சேன்.

அப்பா திட்டல. பஸ் ஏறி வந்தார், ஒர்க்‌ஷாப்ல ரெண்டு நாள் கூடவே உக்காந்திருந்தார். டைரியில என்ன எழுதினார்னு அப்புறம் திருட்டுத்தனமா பாத்தேன். "ஹெட் கேஸ்கட். தண்ணி இல்லாமல் ஓடியது." யார் ஓட்டினதுன்னு எழுதல. திட்டியிருந்தா கூட இவ்ளோ வலிச்சிருக்காது.

அதுக்கப்புறம்தான் அவர் செய்யிறதைக் கவனிச்சுப் பாக்க ஆரம்பிச்சேன். பெருசா ஒண்ணும் இல்ல. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் உறும விடமாட்டார், முள்ளு கொஞ்சம் ஏறுற வரைக்கும் மெதுவா போவார். எங்க ஊர் போர் தண்ணி உப்பு. அதை ரேடியேட்டர்ல ஒரு சொட்டு ஊத்த மாட்டார், கூலன்ட் மட்டும்தான். புதுசா ஒரு சத்தம் கேட்டா அன்னிக்குச் சாயங்காலமே மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட போயிருவார். "இருநூறு ரூவாயில முடியுததை இருவதாயிரத்துக்கு வளக்கக் கூடாது"ம்பார்.

2024 ஜூன்ல ஆர்.சி. 15 வருஷம் முடியுது. புதுப்பிக்கணும். கட்டணம் 5,000, அது போக பசுமை வரி. பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட வண்டியைக் காட்டணும். நான் எக்செல்லோட ஊருக்குப் போனேன். புதுப்பிச்சு இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம்னு என் கட்சி. அண்ணாச்சி கம்ப்ரஷன் செக் பண்ணிப் பாத்தார், மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. "பாத்தீங்களாப்பா, கி.மீ.க்கு ஒண்ணே கால் ரூபா கூட ஆகல. இதை எதுக்கு விக்கணும்?"னேன்.

அப்பா பதில் சொல்லல. ஓட்டுறவர் சீட்டுக்குக் கீழ இருந்த மேட்டைத் தூக்கினார். அண்ணாச்சி ஒரு ஸ்க்ரூ டிரைவரை வச்சு லேசா அமுக்கினார். தகரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துச்சு. கீழ தரை தெரியுது. எங்க ஊர் உப்புக்காத்து பண்ணின வேலை. என் எக்செல்ல இதுக்கு ஒரு கட்டம் கூட இல்ல.

"கணக்கு சரிதாம்ல"ன்னார் அப்பா. "இன்ஜின் இன்னும் ஒரு லச்சம் ஓடும். எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா நாலு வழிச்சாலையில எதுக்க ஒருத்தன் ராங் சைடுல வந்தாம்னா? போன வருசம் ஒண்ணு பாத்தேன். வீட்ல சொல்லல. உள்ள இருந்தவரை வெளிய எடுக்க அரை மணி நேரமாச்சு. அன்னையில இருந்து லைனுக்குப் போவும்போதெல்லாம் அதான் கண்ணுல நிக்கி."

எனக்குப் பேச்சு வரல. 2014ல குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பு இந்தியாவுல விக்கிற அஞ்சு சின்ன கார்களை, ஏர்பேக் இல்லாத மாடல்களை, மணிக்கு 64 கி.மீ. வேகத்துல மோதிப் பாத்துச்சு. பெரியவங்க பாதுகாப்புல அஞ்சுக்குமே பூஜ்யம் ஸ்டார். புதுசா விக்கிற எல்லாக் கார்லயும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது 2019 ஏப்ரல்ல, ஓட்டுறவருக்கு ஏர்பேக் கட்டாயம் ஆனது 2019 ஜூலையில. எங்க வண்டி 2009. ரெண்டும் கிடையாது, இப்போ தகரமும் கிடையாது. இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுகிட்டேதான் 60 வயசுக்காரரை அதுல இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டச் சொல்லி எக்செல் போட்டிருக்கேன்.

ரெண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். இருக்கிற 2021 மாடல் சின்ன கார் ஒண்ணு செகண்ட்ஹேண்ட்ல வாங்கினோம். மீட்டர் 41,000, எல்லாம் வெளியூர் ஓட்டம். ஆல்ட்டோவை அப்படியே தள்ளிவிட அப்பா சம்மதிக்கல. தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் வச்சு, ஆர்.சி.யும் புதுப்பிச்ச பிறகுதான் வித்தார். ஊருக்குள்ள கடைகளுக்கு பன்னு, ரஸ்க் போடுற ஒரு அண்ணன் 60,000க்கு எடுத்துக்கிட்டார். வெல்டிங் வச்ச இடம், ஹெட் பிரிச்சது எல்லாத்தையும் ஒண்ணு விடாம காட்டினார் அப்பா. "ஹைவேயில மட்டும் கொண்டுபோகாதீங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னார்.

கடைசியில மூணு டைரியையும் எடுத்து அவர் கையில குடுத்துட்டார். "அப்பா, அது நம்ம டைரி"ன்னேன். "வண்டியோட ஜாதகம்லா அது. வண்டி கூடத்தான் போவணும்"னார்.

போன மாசம் அந்த அண்ணனை மார்க்கெட்ல பாத்தேன். மீட்டர் 3,49,000ஆம். அப்பாவோட கடைசி வரிக்குக் கீழயே அவரும் எழுதுறாராம். ஞாயித்துக்கிழமை தண்ணி பாக்கறாரான்னு கேட்டேன். "அதெல்லாம் பாத்துருவேன் தம்பி, நோட்டுலயே போட்டிருக்கே, தண்ணி இல்லாம யாரோ ஓட்டியிருக்கான்னு"ன்னார்.

அந்த யாரோ நாந்தான்னு சொல்லல :-)

உங்க வீட்டு வண்டி எவ்ளோ ஓடியிருக்கு? சொல்லுங்க. அப்படியே மேட்டைத் தூக்கி ஒரு தடவை தரையையும் பாத்துருங்க.